நின்றுபோன வண்டிக்கு உயிர் வருமா?



இரும்பை அழிப்பது உழைப்பா, ஓய்வா? நம்மில் எவரிடம் கேட்டாலும், "உழைத்து உழைத்துத்தானே தேய்கிறது!" என்ற மறுமொழியே வரும். ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பல்லாண்டுகள் கொட்டகையில் போட்டுவைத்துவிட்டு, ஒருநாள் அதன் மேற்போர்வையை விலக்கிப் பார்த்த ஒருவரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். ஓடிய காலத்தில் வண்டிக்கு நேர்ந்த தேய்மானத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். நின்ற காலத்தில் நேர்ந்த அழிவை எழுதவோ தனியாக ஒரு குறிப்பேடே வேண்டும் என்பார் அவர்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும், "அது செல்வந்தர்களின் விளையாட்டுப் பொருளாயிற்றே! நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இங்கே நாம் பேசப்போவது சம்பளக்காரர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய ஒரு வண்டியைப் பற்றி. அதைவிட முக்கியமாக, நீண்ட காலம் கவனியாது விட்ட ஒன்றை மீட்டெடுக்க விரும்புவோர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைப் பற்றி.

எளியோரின் ஸ்போர்ட்ஸ் கார்

இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டு நகருக்குத் தெற்கே தேம்ஸ் ஆற்றங்கரையில் அபிங்டன் என்றோர் ஊர் உள்ளது. எம்.ஜி. என்னும் பெயர் தாங்கிய ஸ்போர்ட்ஸ் கார்கள் 1929ஆம் ஆண்டு முதல் அவ்வூரில்தான் உருவாயின. எம்.ஜி. என்பது 'மோரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம். வில்லியம் மோரிஸ் என்பவர் ஆக்ஸ்ஃபோர்டில் நடத்திய கார் விற்பனை நிலையத்தின் பெயர் அது. அங்கே மேலாளராயிருந்த செசில் கிம்பர், சாதாரண மோரிஸ் கார்களின் பாகங்களைக் கொண்டே விரைந்தோடும் சிறு வண்டிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். நடுத்தரக் குடும்பத்து இளைஞனும் எட்டிப் பிடிக்கக்கூடிய விலை! எம்.ஜி.யின் புகழுக்கு இதுவே அடிப்படை. (இன்று நம் நாட்டுச் சாலைகளிலும் எம்.ஜி. முத்திரையுடன் கார்கள் ஓடுகின்றன. அப்பெயர் இப்போது ஒரு சீன நிறுவனத்தின் உடைமை.)

அபிங்டனில் உருவான வண்டிகளுள் மிக அதிகமாக விற்றது எம்.ஜி.பி. 1962இல் அறிமுகமான இதன் என்ஜின் நான்கு சிலிண்டர்களும் 1798 சி.சி. கொள்ளளவும் உடையது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொடவல்லது. 18 ஆண்டுகளில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட எம்.ஜி.பி. கார்கள் உருவாயின. அவற்றுள் பெரும்பகுதி கடல்கடந்து அமெரிக்காவுக்குச் சென்றது. அபிங்டனுக்கு எம்.ஜி. வந்த ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடிய அதே 1979ஆம் ஆண்டின் செப்டம்பர் மாதத்தில், அந்தத் தொழிற்சாலை மூடப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. 1980 அக்டோபரில் கடைசி வண்டி வெளிவந்ததோடு கதவுகள் அடைக்கப்பட்டன.

ஆக, எம்.ஜி.பி.க்களுள் மிக இளையதற்கும் இன்று வயது 45க்குக் குறையாது. இளமையில் அதனை வாங்கியவர்கள் இப்போது பேரன் பேத்தி கண்டுவிட்டார்கள்.

வண்டி ஏன் நிற்கிறது?

எந்த உரிமையாளரும், "இன்று முதல் இதனைக் கைவிடுகிறேன்" என்று தீர்மானித்துக் கைவிடுவதில்லை. நடப்பது வேறு.

திறந்த எம்.ஜி.பி.யில் இருக்கைகள் இரண்டே. மணமாகும்வரை அது போதும். மணமான பின்னும் போதும். முதல் குழந்தை பிறந்ததும் குழந்தையை எங்கே வைப்பது? குடும்பத்துக்கு ஏற்ற ஒரு சாதாரணக் கார் வாங்கப்படுகிறது. பழைய நண்பன் கொட்டகைக்குப் போகிறான். பிரேக்கில் சிறு கோளாறு, "வரும் கோடையில் பார்த்துக்கொள்ளலாம்." கோடை வருகிறது, வீட்டுக்கூரை ஒழுகுகிறது, பிள்ளைகளின் படிப்புச் செலவு முன்நிற்கிறது. "அடுத்த கோடையில்..." இப்படியே இருபது கோடைகள் கழிந்துவிடுகின்றன!

இவரைக் குறைகூற இயலுமா? மனைவி மக்களின் தேவையை முன்வைத்துத் தன் விருப்பத்தைப் பின்வைத்தவர் அவர். விற்கவும் மனம் வரவில்லை. கவனிக்கவும் நேரம் வரவில்லை. இந்த இரண்டுக்கும் இடையில்தான் துரு குடியேறுகிறது.

நிற்கும்போது நடப்பவை

பூட்டிய கொட்டகைக்குள் நிற்கும் வண்டியை யார் என்ன செய்துவிட முடியும் என்று தோன்றும். ஆனால் அங்கே ஒரு நாளும் வேலை நிற்பதில்லை.

முதலில் பெட்ரோல். எளிதில் ஆவியாகும் நுண்பகுதிகள் பறந்துபோக, எஞ்சியது பிசினாக இறுகுகிறது. கார்புரேட்டரின் நுண்துளைகளை அது அடைத்துக்கொள்கிறது. காலியான டாங்கின் உட்சுவரில் ஈரம் படிந்து துரு பூக்கிறது. அத்துகள்கள் பின்னர் பெட்ரோலோடு சேர்ந்து என்ஜினை நோக்கிப் பயணம் புறப்படும்.

அடுத்து பிரேக் எண்ணெய். இதற்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை இது தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் சிலிண்டர்களின் உட்புறத்தை அரிக்கிறது. பிஸ்டன்கள் இறுகிப்போகின்றன. ரப்பர் குழாய்கள் வெளியே பார்வைக்கு நன்றாகவே இருந்து, உள்ளே உப்பி அடைத்துக்கொள்கின்றன.

என்ஜினுக்குள்ளே, வால்வு திறந்த நிலையில் நின்றுபோன சிலிண்டருக்குள் ஈரக்காற்று போய்வருகிறது. பிஸ்டன் ரிங்குகள் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றன. கிளட்ச் தட்டு, தான் உராயும் சக்கரத்தோடு பிணைந்துவிடுகிறது. ரேடியேட்டர் நீரில் கலந்த துருத்தடுப்பு மருந்து வீரியம் இழந்து, என்ஜினின் நீர்ப்பாதைகளில் சேறு படிகிறது. ஒரே இடத்தில் பாரம் சுமந்த டயர்கள் அவ்விடத்தில் தட்டையாகி, பக்கச்சுவர்களில் வெடிப்பு விடுகின்றன. எலிகள் இருக்கைப் பஞ்சில் கூடு கட்டி, வயர்களைக் கடித்து வைக்கின்றன.

அன்போடு போர்த்திய பிளாஸ்டிக் உறைகூடப் பகையாகிவிடுவதுண்டு! தரையிலிருந்து எழும் ஈரத்தை அது வெளியே விடாமல் வண்டியின் மேலேயே தேக்கிவைக்கிறது. துணியாலான, காற்றுப் புகும் உறைதான் வண்டிக்கு நன்று.

48 இலட்சம் கிலோமீட்டர்!

இதற்கு நேர்மாறான ஒருவரையும் இங்கே அறிந்துகொள்வோம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டு பகுதியில் வாழ்ந்த பள்ளி ஆசிரியர் இர்வ் கார்டன். 1966இல் வால்வோ நிறுவனத்தின் பி.1800 வகை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் புதிதாக வாங்கினார். பள்ளிக்கும் அதிலேயே போனார். விடுமுறைப் பயணங்களுக்கும் அதிலேயே போனார். காலம் தவறாமல் எண்ணெய் மாற்றினார். குறித்த நேரத்தில் பழுது பார்த்தார். 2013ஆம் ஆண்டு அந்த வண்டி முப்பது இலட்சம் மைல்களை நிறைவு செய்தது. அதாவது, சுமார் 48 இலட்சம் கிலோமீட்டர்! ஒரே உரிமையாளரின் கையில் உலகிலேயே மிக அதிகத் தொலைவு ஓடிய கார் என்று கின்னஸ் பதிவேட்டிலும் அது இடம்பெற்றது. 2018இல் அவர் காலமானார்.

அவ்வளவு ஓடிய வண்டி அழியவில்லை. ஓடாமல் நின்ற வண்டிகளே அழிந்தன. ஓடும் வண்டியில் சிறு கோளாறு தோன்றினால் ஓசையாகவோ நடுக்கமாகவோ அது உடனே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நிற்கும் வண்டியின் கோளாறுகளுக்கோ வாயில்லை.

முதலில் ஒரு கணக்கு

சரி, வண்டி நின்றுவிட்டது. இப்போது என்ன செய்வது? ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் பேனாவை எடுங்கள்.

முதல் உண்மை: எம்.ஜி.பி. போன்ற ஒரு வண்டியை முழுமையாகப் புதுப்பிக்க ஆகும் செலவு, புதுப்பித்த பின் அது சந்தையில் பெறும் விலையை விடப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். "இலாபம் வரும்" என்று தொடங்குபவர் ஏமாந்துபோவார். தம் கைகளின் உழைப்பையும் வண்டியோடுள்ள உறவையும் விலைபேசாதவருக்கே இப்பணி ஏற்றது.

இரண்டாவது உண்மை: இதற்கான பணமும் நேரமும் ஒருவருடையவை மட்டுமல்ல, குடும்பத்துடையவை. ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனை போகும், மாதந்தோறும் எவ்வளவு ஒதுக்கலாம் என்று மனைவி மக்களோடு அமர்ந்து பேசித் தீர்மானித்தவரின் வேலை முடிகிறது. மறைத்துச் செலவிட்டவரின் வேலை பாதியில் நிற்கிறது. வீட்டில் அமைதியும் போகிறது.

மூன்றாவது: எதுவரை செய்வது என்பதை முன்கூட்டியே வரையறுத்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்பாக ஓடினால் போதுமா? புத்தம்புதிதுபோல் மின்ன வேண்டுமா? இவ்வரையறை இல்லாதவர், "இதைக் கழற்றியதுதான் கழற்றினோம், அதையும் பார்த்துவிடுவோமே" என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துக்கொண்டே போவார். இறுதியில் அட்டைப்பெட்டிகளில் அடைத்த பாகங்களாக அவ்வண்டி வேறொருவருக்கு விற்கப்படும். பாதியில் கைவிடப்பட்ட வண்டிகள் பலவற்றின் வரலாறு இதுவே. எனவே ஒரு பாகத்தைக் கழற்றுமுன் படம் எடுங்கள். கழற்றியதும் பெயர்ச்சீட்டுக் கட்டுங்கள். ஆறு மாதம் கழித்து நினைவு துணைக்கு வராது.

இக்கணக்கெல்லாம் பார்த்தபின், "நம்மால் ஆகாது" என்று தோன்றினால், செய்து முடிக்கக்கூடிய ஒருவரிடம் வண்டியைக் கொடுத்துவிடுவதில் இழிவேதும் இல்லை. மேலும் பத்தாண்டுகள் இற்றுப்போக விடுவதைவிட அது எவ்வளவோ மேலானது.

கண்ணுக்குத் தெரியாத விட்டம்

தொடங்க முடிவெடுத்தவரை முதலில் ஈர்ப்பது என்ஜின். அதன் ஓசையைக் கேட்டுவிட வேண்டுமென்ற ஆவல்! ஆனால் எம்.ஜி.பி.யின் உயிர் என்ஜினில் இல்லை, உடலில் இருக்கிறது.

இதற்கு முந்தைய எம்.ஜி.ஏ. வண்டியில் பாரம் தாங்கத் தனியாக ஒரு சேஸிஸ் இருந்தது. எம்.ஜி.பி.யில் அது கிடையாது. மடித்து ஒட்டிய தகடுகளாலான உடலே பாரத்தையும் தாங்குகிறது. திறந்த வண்டிக்குக் கூரையின் துணையும் இல்லை. எனவே கதவுகளுக்குக் கீழே முன்சக்கரம் முதல் பின்சக்கரம் வரை நீளும் பெட்டி வடிவ விட்டங்களே அதன் முதுகெலும்பு. 'சில்' என்று இதனைச் சொல்வர். வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே ஓர் இடைத்தகடு என மூன்று தகடுகள் சேர்ந்த அமைப்பு இது. மழைநீரும் சக்கரம் வாரியிறைக்கும் சேறும் இதற்குள் புகுந்து தங்கும். நீர் வடியும் துளைகள் அடைபட்டால் துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளிப்பூச்சில் சிறு கொப்புளம் தோன்றும்போது உள்ளே தகடு சல்லடையாகியிருக்கும்!

இதனை அறிய எளிய வழிகள் உண்டு. கதவைச் சாத்தி அதன் இடைவெளியைப் பாருங்கள். மேற்புறம் ஒடுங்கியும் கீழ்ப்புறம் விரிந்தும் இருந்தால் வண்டியின் நடுப்பகுதி தொய்ந்துவிட்டது என்று பொருள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைச் சில் மீது நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை; யாரோ பட்டி தடவி மறைத்திருக்கிறார்கள்.

இதனைச் சீர்செய்வதில்தான் நேர்மை சோதிக்கப்படுகிறது. எம்.ஜி.பி.யின் முன் மட்கார்டு போல்ட்டுகளால் பூட்டப்பட்டது. பின் மட்கார்டு வெல்டிங்கால் இணைக்கப்பட்டது. வெளிச்சில்லின் இரு முனைகளும் இவ்விரண்டுக்கும் உள்ளே மறைந்திருக்கின்றன. முறையாகச் செய்பவர் முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டின் அடிப்பகுதியை அறுத்து, மூன்று தகடுகளையும் மாற்றி, மீண்டும் மூடுவார். சோம்பேறியோ பழைய துருவின் மேலேயே புதுத்தகடு ஒன்றைப் பொருத்திச் சாயம் பூசிவிடுவார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவது வண்டியில் செல்பவர் விபத்தொன்றில் சிக்கும்போதுதான் வேறுபாடு தெரியும்.

அறுப்பதற்கு முன் மறவாமல் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. கதவு பொருந்தும் வாயிலின் முன்தூணையும் பின்தூணையும் இணைத்து இரும்புக்குழாய் ஒன்றைக் குறுக்கே பூட்ட வேண்டும். இல்லையேல் சில்லை அறுத்ததும் வண்டி நடுவில் மடங்கும். அந்தக் கோணலிலேயே புதுத்தகடும் ஒட்டப்படும். பின்னர் கதவு ஒருபோதும் சரியாக மூடாது. ஒவ்வொரு வெல்டிங்குக்கும் பின்னர் கதவை மாட்டிச் சாத்திப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

அச்சுகள் மீண்டுவந்த கதை

உடல் முழுதும் இற்றுப்போயிருந்தால்? இங்கேதான் எம்.ஜி.பி. உரிமையாளர்கள் பேறு பெற்றவர்கள். தொழிற்சாலை மூடப்பட்டபோதிலும், உடற்தகடுகளை வார்ப்புப்போல் அழுத்தி எடுக்கும் பழைய அச்சுகள் பல அழியாமல் எஞ்சியிருந்தன. 'பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ்' என்னும் நிறுவனம் அவற்றைத் தேடித் திரட்டியது. அவற்றைக் கொண்டே 1988இல் எம்.ஜி.பி.யின் முழு உடலையும் புதிதாக உருவாக்கி விற்கத் தொடங்கியது. உற்பத்தி நின்ற எட்டு ஆண்டுகளுக்குப் பின், அதே அச்சில் அதே உடல்!

1990களில் ரோவர் நிறுவனம் எம்.ஜி. ஆர்.வி.8 என்னும் வண்டியைக் கொண்டுவந்ததற்கும் இவ்வுடலே அடிப்படையாயிற்று. சுமார் 2,000 வண்டிகளே உருவாயின. பெரும்பகுதியை ஜப்பானியர்கள் வாங்கிக்கொண்டனர்.

அச்சு இருந்தால் உடல் கிடைக்கும்; உடல் கிடைத்தால் வண்டி பிழைக்கும். பழையது என்று அந்த அச்சுகளை அன்றே உருக்கியிருந்தால், பல்லாயிரம் வண்டிகள் இன்று பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும் அல்லவா?

என்ஜினை எழுப்பும் முறை

நெடுநாள் நின்ற என்ஜினின் செல்ஃபை எடுத்த எடுப்பில் திருகுவது பெருந்தவறு. ஒட்டியிருக்கும் ரிங்குகள் உடையும். சிலிண்டர் சுவர் கீறும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் சிறிது மெல்லிய எண்ணெய் விட்டு, சில நாட்கள் பொறுத்திருங்கள். பின்னர் நான்காம் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசையவில்லையேல் மேலும் எண்ணெய், மேலும் பொறுமை. வலிமையைவிட இங்கே பொறுமைக்கே வேலை.

அசைந்தபின் பழைய எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றி, பிளக்குகள் இல்லாமலேயே செல்ஃபை ஓட்டி, எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா என்று மானியில் காண வேண்டும். ஏறிய பின்னரே தீப்பொறிக்கும் பெட்ரோலுக்கும் இடம்.

எம்.ஜி.பி.யின் பெட்ரோல் பம்பு மின்சாரத்தால் இயங்குவது. 'டிக் டிக்' என்ற ஓசையோடு துடிப்பது. நெடுநாள் நின்றால் அதனுள்ளே உள்ள மின்தொடுமுனைகளில் அழுக்கேறி ஊமையாகிவிடும். மெல்லத் தட்டினால் மீண்டும் துடிக்கத் தொடங்குவதுண்டு. ஆயினும் தட்டி ஓட்டுவது தற்காலிக வழியே. கழற்றித் துப்புரவாக்குவதே நிலையான வழி.

எரிபொருளே இன்று மாறிவிட்டது என்பதையும் கருத வேண்டும். இவ்வண்டிகள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு தொடங்கியபோதே அதன் பொது விற்பனை நின்றது. அந்த ஈயம் வால்வு அமரும் வளையத்தைத் தேயாமல் காத்துவந்தது. எனவே என்ஜினைப் பிரிக்கும்போது கடினமான உலோக வளையங்களைப் பொருத்திவிடுதல் நன்று. 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே சாதாரண வகையாயிற்று. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும்; ஈரத்தையும் இழுக்கும். குழாய்களையெல்லாம் எத்தனால் தாங்கும் புதுவகையாக மாற்றாமல் வண்டியை எடுப்பது, சூடான என்ஜின் மீது பெட்ரோலைச் சொட்ட விடுவதற்கு ஒப்பாகும்.

ஓடுமுன் நிற்கத் தெரிய வேண்டும்

என்ஜின் ஓடிவிட்டது. மகிழ்ச்சியில் தெருவுக்கு எடுத்துச் செல்லத் தோன்றும். பொறுங்கள்! ஓடத் தெரிந்த வண்டிக்கு நிற்கத் தெரியுமா?

எம்.ஜி.பி.யில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கும் உள்ளன. நெடுநாள் நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், இரும்புக்குழாய்கள் அனைத்தையும் ஐயத்திற்குரியவையாகவே கொள்ள வேண்டும். 'டாட் 4' வகைப் பிரேக் எண்ணெய், புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ் வெப்பம்வரையாவது கொதிக்காமல் தாங்கும். நான்கு விழுக்காட்டிற்கும் குறைவான நீர் கலந்தாலே போதும். அத்தாங்கும் அளவு 155 பாகைக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் சூடேறிய பிரேக்கில் அந்த எண்ணெய் கொதித்து ஆவியானால், கால்மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது.

டயரும் அவ்வாறே. பூ மழுங்காமல் இருக்கிறதே என்று எண்ணலாகாது. 2000ஆம் ஆண்டு முதல் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் பொறிக்கப்படுகிறது. முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 1505 என்றிருந்தால் 2005ஆம் ஆண்டின் 15ஆம் வாரம். அத்தகைய டயரில் குடும்பத்தை அமர்த்தலாமா?

பிரிட்டனில் 2018 மே முதல், 40 ஆண்டு கடந்த, பெருமாற்றம் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் சாலையில் இறங்கும் வண்டி பாதுகாப்பாக இருக்க வேண்டிய பொறுப்பு உரிமையாளரை விட்டு நீங்குவதில்லை. சோதிப்பவர் இல்லாதபோது தம்மைத்தாமே கடுமையாகச் சோதித்துக்கொள்பவரே நல்ல உரிமையாளர். சோதனைக்கு இன்றும் விரும்பி வண்டியைக் கொண்டு செல்வோரும் உண்டு.

வயர்களின் வண்ண மொழி

பழைய ஆங்கிலக் கார்களின் மின்சாதனங்களைப் பற்றிக் கேலிக்கதைகள் ஏராளம். அவற்றைச் செய்த லூக்காஸ் நிறுவனத்துக்கு 'இருளின் இளவரசன்' என்ற பட்டப்பெயரே உண்டு! ஆனால் பழைய வண்டியில் விளக்கு மங்கினால் குற்றவாளி பெரும்பாலும் விளக்கல்ல. துருவேறிய எர்த் இணைப்பே. அதைக் கழற்றி இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்துப் பூட்டினால் பாதிக் கோளாறுகள் மறைந்துவிடும்.

வயர்களின் வண்ணங்களுக்கும் பொருளுண்டு. பழுப்பு, பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வருவது. வெள்ளை, சாவி திருகியதும் உயிர்பெறுவது. பச்சை, அதன்பின் ஃபியூஸ் வழியாக வருவது. கறுப்பு, எர்த். 1967 வரையிலான எம்.ஜி.பி.க்களில் பேட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறு. இதையறியாமல் புதுக்கருவிகளை இணைத்தால் அவை கருகும். அக்காலத்தில் இருக்கைகளின் பின்னே, தளத்துக்கடியில் ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டு ஒளிந்திருந்தன. எட்டாத இடத்தில் இருந்ததாலேயே அவை கவனிப்பாரற்றுக் கெட்டன. சிந்திய அமிலத்தால் சுற்றியுள்ள தகடும் கெட்டது.

கைக்கும் நுரையீரலுக்கும் காவல்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்காதீர்கள். உறுதியான ஸ்டாண்டுகள் தேவை. பெட்ரோல் டாங்கின் அருகே வெல்டிங் வேண்டாம். காலி டாங்கில் நிற்கும் ஆவியே அதிக ஆபத்து. பழைய டிரம் பிரேக்கில் படிந்த தூசியில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதனை ஊதிவிடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். இக்காலத்து இருகலவைச் சாயங்கள் சிலவற்றிலிருந்து எழும் நச்சு நுண்துளிகள் நுரையீரலைத் தாக்கும். அவ்வேலையை உரிய கருவிகளுள்ள பட்டறையிடம் விடுவதே அறிவுடைமை. வண்டி மீண்டும் வரலாம். மூச்சு மீண்டும் வராது.

எவ்வளவு மாற்றலாம்?

இனி ஒரு நுட்பமான கேள்வி. உடலை மாற்றினோம், என்ஜினைப் புதுப்பித்தோம், இருக்கைத்தோலையும் மாற்றினோம். இப்போது நிற்பது நாம் இளமையில் வாங்கிய அதே வண்டியா, வேறா?

பழங்கால வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான 'ஃபீவா' 2012இல் டூரின் சாசனம் என்றொரு வழிகாட்டியை ஏற்றுக்கொண்டது. அதன் சாரம் இதுதான்: இருப்பதைக் காப்பதே முதற்கடமை, காக்க இயலாதபோதே மாற்றம், செய்த மாற்றத்தைப் பதிவு செய்து வைத்தல் வேண்டும். வயதின் தழும்புகளையெல்லாம் அழித்துப் புதுமெருகு ஏற்றுவது, வண்டியின் வரலாற்றை அழிப்பதாகவும் ஆகிவிடும்.

எனவே ஓர் எளிய அளவுகோலைக் கொள்ளலாம். உயிரைக் காக்கும் பாகங்களான பிரேக், டயர், எரிபொருள் குழாய், சில் ஆகியவற்றில் தயக்கமின்றிப் புதியதை இடுங்கள். கண்ணுக்கு மட்டும் இனியவற்றில் பழையதையே வைத்திருங்கள். பிள்ளையை முதன்முதலில் மடியிலேற்றியபோது இருந்த அதே ஸ்டீரிங், அதன் மழுங்கிய பிடியோடு, அப்படியே இருக்கட்டும். கடையில் கிடைக்காத பாகம் அது ஒன்றுதான். மிகையான மெருகுக்குப் போகும் பணம் பெரும்பாலும் வீண்விரயமே.

மீட்டபின் மறவாதீர்

இத்தனையும் செய்துமுடித்த பலர் இறுதியில் செய்வது என்ன தெரியுமா? அழகான வண்டி கெட்டுவிடுமே என்றஞ்சி மீண்டும் கொட்டகையில் நிறுத்திவிடுகிறார்கள்! வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் என்ஜினை ஓட்டி அணைத்தால் போதுமென எண்ணுகிறார்கள். அது நன்மையைவிடத் தீமையே செய்யும். என்ஜின் முழுச் சூடேறாமல் அணைந்தால், எரிதலில் உண்டான நீராவி எண்ணெயிலும் சைலன்சரிலும் நீராகத் தங்கி அரிக்கும். இரண்டு வாரத்திற்கொருமுறை, எண்ணெயும் சூடேறும்வரை அரைமணி நேரமாவது சாலையில் ஓட்டுவதே மருந்து. இரண்டாண்டுக்கொருமுறை பிரேக் எண்ணெயையும், ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கொருமுறை என்ஜின் எண்ணெயையும் மாற்ற வேண்டும். மழையில் சென்றால் அடிப்பகுதியைக் கழுவி, சில்லின் வடிதுளைகளைக் குச்சியால் குத்திவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை! இருபதாண்டுகளுக்கு முன் இந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்திருந்தால், இன்று இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுக்க வேண்டியிருந்திராது.

வாசகர்களே! நம்மில் பலரிடம் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஆனால் தந்தையார் ஓட்டிய ஸ்கூட்டர் ஒன்று திண்ணையோரம் நிற்கலாம். தாயார் மிதித்த தையல் இயந்திரம் ஒன்று பரணில் கிடக்கலாம். "ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம்" என்று நாம் ஒதுக்கிவைத்தவை அவை. நம் கையில் உள்ள பொருள் ஓர் அமானிதம் என்றால், அதைப் பூட்டிவைத்தல் மட்டும் காப்பதாகாது.

இந்த மாதத்திலேயே அதன் போர்வையை விலக்கிப் பாருங்கள். மேற்பூச்சைப் பார்த்து மகிழாமல், ஈரம் தங்கும் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். மீட்க முடியுமெனில், பிள்ளைகளையும் அருகே அழைத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எந்தத் திருகை எத்திசையில் திருக வேண்டும் என்பதை அவர்கள் உங்கள் கையிலிருந்து கற்கட்டும். மீட்க முடியாதெனில், பயன்படுத்துவோர் கையில் கொடுத்துவிடுங்கள். இரண்டில் எதுவானாலும், அடுத்த கோடைவரை அதை நிற்க விடாதீர்கள்.